இடி இடிக்கும் இரவில் தூக்கம்: கேள்வி பதில்

இரவு நேர இடிமழையையும் தூக்கத்தையும் பற்றி வந்த கேள்விகளுக்கு, தூக்க மருத்துவத்தில் நெடுநாள் பணியாற்றியவன் என்ற முறையில் விடை எழுதுகிறேன்.

வேலூரிலிருந்து ஓர் இல்லத்தரசி: வீடே அதிரும்படி இடித்தாலும் என் கணவர் புரண்டுகூடப் படுப்பதில்லை. நானோ முதல் இடிக்கே எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். அவருக்குக் காதில் ஏதும் குறை இருக்குமா?

பகலில் நீங்கள் அடுத்த அறையிலிருந்து பேசுவது அவருக்குத் தெளிவாகக் கேட்கிறது என்றால், காதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். தூங்கும்போது காது மூடிக்கொள்வதில்லை. ஒலி எப்போதும்போல உள்ளே சென்றுகொண்டேதான் இருக்கும். புலன்கள் கொண்டுவரும் செய்திகளில் எதை மேலே விடுவது, எதை வாசலிலேயே நிறுத்துவது என்பதில் மூளையின் நடுவிலுள்ள தாலமஸ் என்ற பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. தூங்குபவரின் மூளை அலைகளைப் பதிவு செய்து பார்த்தால், நொடிக்கு ஏறத்தாழ 11 முதல் 16 முறை அதிரும் சிறு அலைக்கொத்துகள் அவ்வப்போது தோன்றி மறைவதைக் காணலாம். ஸ்பிண்டில் என்று நாங்கள் அழைக்கும் இந்த அலைகள் மிகுதியாகத் தோன்றுபவர்கள் சத்தத்துக்கு நடுவிலும் கலையாமல் தூங்குகிறார்கள் என்பதை அமெரிக்காவில் நடந்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே உங்கள் இருவருக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் உடலின் இயல்பு. அவருடைய அக்கறையின்மையும் அல்ல, உங்களுடைய பலவீனமும் அல்ல.

இடி எந்த நேரத்தில் இடித்தது என்பதும் முக்கியம். ஆழ்ந்த தூக்கம் இரவின் முதல் மூன்றில் ஒரு பங்கில்தான் அதிகம் என்பதால், பத்து மணிக்குப் படுத்தவருக்குப் பன்னிரண்டு மணி இடி தெரியாமல் போகலாம். அதே அளவு இடி விடியற்காலை நான்கு மணிக்கு இடித்தால் அவரே எழுந்துவிடக்கூடும். சில நொடிகளே நீடிக்கும் விழிப்பு மறுநாள் நினைவில் தங்குவதில்லை என்பதால், உங்கள் கணவரும் அப்படி விழித்து மறந்திருக்கலாம்.

சென்னையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: ஆடி, ஆவணி மாதங்களில் பகலெல்லாம் வெயில் காய்ந்துவிட்டு, நாங்கள் படுத்த பிறகுதான் இடிமழை வருகிறது. ஏன்?

பகல் வெயிலில் வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்து நிலம் சூடேறிக் காற்று மேலெழும்புகிறது. மாலையில் உள்ளே நுழையும் கடற்காற்று அதற்கு ஈரத்தைக் கொடுக்கிறது. அங்கே திரளும் இடிமேகங்களை அந்தப் பருவத்தின் மேற்குக் காற்று கிழக்கே தள்ளிக்கொண்டு வருவதால், அவை கடற்கரையை எட்டும்போது பெரும்பாலும் இரவாகிவிடுகிறது.

மதுரையிலிருந்து ஒரு தாய்: இடிக்கு எழாத நான் கைக்குழந்தை சிணுங்கினாலே எழுந்துவிடுகிறேன். என் மூத்த மகனோ எதற்கும் எழுவதில்லை.

தூங்கும் மூளை சத்தத்தின் அளவை மட்டும் பார்ப்பதில்லை, அதன் பொருளையும் பார்க்கிறது. பெயர் சொல்லி மெல்ல அழைத்தால் எழுபவர், அதைவிடப் பெரிய வேறு சத்தத்துக்கு எழாமலிருப்பதும் இதனால்தான். சிறுவர்களுக்கு ஆழ்ந்த தூக்கம் மிக அதிகம். வயது ஏற ஏற அது குறைகிறது. உங்கள் மகனைப் பற்றிக் கவலை வேண்டாம்.

சேலத்திலிருந்து ஒரு வாசகர்: சித்திரை, வைகாசியில் குடும்பத்தோடு மொட்டை மாடியில் படுக்கிறோம். தூரத்தில் இடி கேட்டாலும் தூறல் விழுந்த பிறகுதான் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்குவோம். இது சரிதானா?

சரியல்ல, இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுத ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்வேன். மழை பெய்யும் இடத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் தரையில் இறங்கும். இடியோசை காதில் விழும் தொலைவும் பெரும்பாலும் ஏறத்தாழ அவ்வளவுதான் என்பதால், இடி கேட்கிறது என்றாலே நீங்கள் மின்னல் எட்டும் தொலைவில் இருக்கிறீர்கள் என்று பொருள். மின்னலைக் கண்டதிலிருந்து இடி கேட்கும்வரை எண்ணிப் பார்த்தால், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று தொலைவைக் கணக்கிடலாம். ஆனால், முப்பது நொடிக்குள் இடி கேட்டால் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்காமல் இறங்கிவிட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை மேலே போகக் கூடாது.

நன்றாகத் தூங்குகிறவருக்குத் தொலைவிலுள்ள மெல்லிய இடி கேட்கவே கேட்காது. வீட்டுக்குள் வரமாக இருக்கும் அந்தத் தூக்கம் மாடியில் ஆபத்தாகிவிடுகிறது. எனவே முடிவைப் படுப்பதற்கு முன்பே எடுங்கள். வானிலை ஆய்வு மையம் இடிமழை எச்சரிக்கை தந்திருந்தால், வியர்த்தாலும் அன்று கீழேயே படுங்கள். புணேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கிய தாமினி செயலி, சுற்றுப்புறத்தில் மின்னல் நெருங்குவதைக் காட்டும். நம் நாட்டில் ஆண்டுதோறும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மின்னலால் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வயல்வெளியிலும் மரத்தடியிலும் இருந்தவர்கள். திறந்த திண்ணையும், தோட்டத்துக் காவல் கொட்டகையும், நான்கு கால் நட்ட பந்தலும் மின்னலுக்குப் பாதுகாப்பான இடங்கள் அல்ல.

கும்பகோணத்திலிருந்து ஒரு பெரியவர்: இடிக்கும்போது கைபேசியைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கலாமா? தரையில் படுக்கலாமா?

கைபேசி மின்னலை இழுக்காது. சார்ஜரில் மாட்டியபடி அதைக் கையாளுவதுதான் தவறு; மின்சாரக் கம்பி வழியாகவும் தண்ணீர்க் குழாய் வழியாகவும் மின்னல் வீட்டுக்குள் வரலாம். கான்கிரீட் தரைக்குள்ளும் சுவருக்குள்ளும் இரும்புக் கம்பி இருப்பதால், வெறுந்தரையைவிடக் கட்டில் நல்லது. சுவரில் சாய்ந்து படுக்க வேண்டாம்.

திருநெல்வேலியிலிருந்து ஓர் ஆசிரியை: சிறு வயது முதலே இடி என்றால் எனக்கு உடல் நடுங்கும். ஐப்பசி முழுவதும் தூக்கமில்லை. என்னைப் பார்த்து மகளும் பயப்படத் தொடங்கிவிட்டாள். தூக்க மாத்திரை எடுக்கலாமா?

மாத்திரை வேண்டாம். அது அன்றைய இரவைக் கடத்துமே தவிர, பயத்தைத் தொடாது. வானம் தெளிவாக இருக்கும் மாதங்களில், பகல் வேளையில், பதிவு செய்த இடியோசையை மிகக் குறைந்த ஒலியில் சில நிமிடங்கள் கேளுங்கள். நெஞ்சு படபடப்பு அடங்கிய பிறகு, அடுத்தடுத்த நாள்களில் ஒலியைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். பயத்துக்கான மனநல சிகிச்சையின் அடிப்படை இதுதான். தனியாகச் செய்ய இயலாவிட்டால், உளவியல் ஆலோசகர் ஒருவரின் துணையோடு செய்யுங்கள். மகளோடு சேர்ந்து நொடிகளை எண்ணுங்கள். எண்ணிக்கை கூடிக்கொண்டே போனால் மேகம் விலகிப் போகிறது என்பதைக் குழந்தை தானே கண்டுகொள்வாள். நம் பாட்டிமார் இடிக்கும்போது "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்று சொல்லக் கற்றுக்கொடுத்ததில் இப்படியொரு பயன் இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்: வாய் ஒரு சொல்லைச் சீராகச் சொல்லும்போது மூச்சும் சீராகிறது.

திருவாரூரிலிருந்து ஒரு வாசகர்: எனக்கு இடியைவிட மின்வெட்டுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது.

உங்கள் கவனிப்பு சரியானது. மின்விசிறியின் ஒரே சீரான இரைச்சல் வெளிச்சத்தங்களை ஓரளவு மறைக்கிறது. அது நின்றவுடன் அந்த மறைப்பும் போய், புழுக்கமும் சேர்ந்துகொள்கிறது. திடீர் அமைதியும் ஒரு மாற்றம் என்பதால் மூளை அதற்கும் விழிக்கும். பேட்டரியில் ஓடும் சிறு விசிறி ஒன்று போதும். மின்னல் ஒளிக்குத் தடித்த திரை போடுங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: எங்கள் நாய் இடி இடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடுகிறது, வெளியே இழுத்து மடியில் வைத்துக்கொள்ளலாமா?

இழுக்காதீர்கள். அது தானே தேர்ந்தெடுத்த இடம். அங்கேயே ஒரு பழைய துணியை விரித்துவிடுங்கள். தானாக வந்தால் அணைத்துக்கொள்ளுங்கள்.