மகன் யூசி வாங்கிய பணம் திரும்ப வருமா?

கேள்வி: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் என் மகன் என் போனில் பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுகிறான். நான்கு நாளில் பதினொரு தடவையாக 9,000 ரூபாய்க்கு மேல் என் கணக்கிலிருந்து போயிருக்கிறது. எல்லாம் யூசி (அந்த கேமுக்குள் செலவழிக்கும் காசு) வாங்கினானாம். பேங்கில் கேட்டால், "பின் நம்பர் சரியா போட்டுத்தான் பணம் போயிருக்கு, நாங்க ஒண்ணும் பண்ண முடியாது" என்கிறார்கள். எங்கள் தெரு மொபைல் கடைத் தம்பி, "ரீஃபண்ட் எடுத்துத் தர்றேன்க்கா, வர்றதுல முப்பது பர்சென்ட் எனக்கு, ஜிமெயில் பாஸ்வேர்டு மட்டும் கொடுங்க" என்கிறான். ஆன்லைன் கேமையே அரசாங்கம் தடை செய்துவிட்டதாகவும் சொல்கிறார்களே, அப்படியானால் பணம் தானாகத் திரும்பாதா?
வாசகி, திருப்பூர்

பதில்: பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கொடுத்துவிட்டீர்கள் என்றால் இதற்கு மேல் படிக்கும் முன் அதை மாற்றுங்கள். கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் எந்தெந்தக் கருவியில் உங்கள் கணக்கு திறந்திருக்கிறது என்று காட்டும். உங்களுடையது அல்லாததை வெளியேற்றுங்கள். ரிகவரி போன் நம்பர் என்ற இடத்தில் உங்கள் நம்பர்தான் இருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஒரு பாஸ்வேர்டில் உங்கள் பேங்க் மெயில், போட்டோ, போனில் சேமித்த எல்லா நம்பரும் அடங்கியிருக்கின்றன. முப்பது சதவீதம் கேட்பது வெளியே தெரிகிற விலை மட்டும்தான்.

கடைக்காரர் செய்யப்போகும் வேலை என்ன தெரியுமா? கூகுள் பிளே தளத்தில் இலவசமாக இருக்கும் ஒரு படிவத்தை நிரப்புவார். அதற்கு ஐந்து நிமிடம் ஆகும். நீங்களே செய்யலாம், இன்றைக்கே செய்ய வேண்டும். வாங்கி 48 மணி நேரத்துக்குள் கேட்டால் கூகுளே பரிசீலிக்கும். அது தாண்டிவிட்டால் பெரும்பாலும் "கேம் கம்பெனியிடம் கேளுங்கள்" என்று கைகாட்டிவிடும். இந்த 48 மணி நேரம் ஒவ்வொரு வாங்கலுக்கும் தனித்தனி. நான்கு நாளில் பதினொரு தடவை என்கிறீர்கள். கடைசி இரண்டு நாளில் வாங்கியதற்கு இன்னும் நேரம் இருக்கலாம். அவற்றில் கெடு முடியப்போவதை முதலில் போடுங்கள். சற்றுமுன் வாங்கியதற்கு அவசரமில்லை. கெடு தாண்டியவற்றையும் விடாமல் போட்டுப் பாருங்கள். கேட்பதால் நஷ்டம் இல்லை.

குரோமில் பிளே டாட் கூகுள் டாட் காம் போங்கள். மேலே வலது மூலையில் உள்ள வட்டப் படத்தைத் தொட்டால் 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' வரும், அதற்குள் ஆர்டர் ஹிஸ்டரி. ஒவ்வொரு ஆர்டரிலும் 'ரிப்போர்ட் எ பிராப்ளம்' இருக்கும். அதைத் தொட்டால் காரணங்களின் பட்டியல் விரியும். அதில் நண்பரோ குடும்பத்தாரோ என் அனுமதியில்லாமல் வாங்கிவிட்டார் என்ற பொருளில் ஒரு வரி இருக்கிறது. அதைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். கீழே உள்ள பெட்டியில் இரண்டு வாக்கியம் போதும்: என் மகன், வயது இவ்வளவு, எனக்குத் தெரியாமல் வாங்கினான், இனி நடக்காமல் பூட்டிவிட்டேன். பதினொரு ஆர்டருக்கும் தனித்தனியாக அனுப்புங்கள். முடிவு சில சமயம் கால் மணி நேரத்தில் மெயிலில் வரும், சில சமயம் சில நாள் ஆகும்.

ஆர்டர் ஹிஸ்டரி காலியாக இருந்தால் பதறாதீர்கள். போன் உங்களுடையது, பேங்க் கணக்கும் உங்களுடையது, ஆனால் பிளே ஸ்டோர் மகனுடைய ஜிமெயிலில் திறந்திருக்கும். ஆர்டர் எந்த ஜிமெயிலில் நடந்ததோ அங்கேதான் தெரியும். அதே வட்டப் படத்தைத் தொட்டுக் கணக்கை மாற்றிப் பாருங்கள். ஜிபிஏ என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் ஆர்டர் எண்ணோடு ரசீதுகளும் அந்த மெயிலுக்குத்தான் வந்திருக்கும்.

காரணம் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான் இடைத்தரகர்கள் விஷமம் செய்கிறார்கள். "யாரோ ஹேக் பண்ணிட்டாங்கன்னு போட்டா உடனே கிடைக்கும்" என்பார்கள். முன்பின் தெரியாதவர் பணத்தை எடுத்துவிட்டால் புகார் செய்யக் கூகுளில் வேறு படிவம் இருப்பது உண்மை, அதற்கு 120 நாள் அவகாசமும் உண்டு. ஆனால் அது உங்களுக்கானது இல்லை. உங்கள் வீட்டில், உங்கள் போனில், நீங்கள் தினமும் பயன்படுத்தும் அதே இணைப்பில் வாங்கியது கூகுளுக்குத் தெரியும். பொய் என்று பட்டால் கோரிக்கை தள்ளுபடி. கார்டில் போன பணம் என்றால் பேங்கில் 'நான் செய்யவில்லை' என்று எழுதிக் கொடுக்கச் சொல்வதும் இதே ரகம்தான். பேங்க் பணத்தைத் திருப்பி இழுத்தால் கூகுள் உங்கள் பேமென்ட் கணக்கை முடக்கலாம். பிறகு அதை மீட்க அலைவீர்கள்.

கூகுள் கஸ்டமர் கேர் என்று தேடி வரும் நம்பருக்குப் போன் செய்யாதீர்கள். தேடலில் டோல் ஃப்ரீ என்று போட்டு வரும் நம்பர்களில் மோசடிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். "ரீஃபண்ட் போட ஒரு ஆப் இறக்குங்கம்மா" என்று உங்கள் திரையைப் பார்க்கும் ஆப்பை இறக்க வைப்பார்கள். அடுத்து "பணம் உள்ளே வர பின் நம்பர் போடுங்க" என்பார்கள். யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை; போனால்தான் பின். 9,000 போன இடத்தில் 90,000 போவது இப்படித்தான்.

பேங்க்காரர் சொன்னது எரிச்சலாக இருந்தாலும் அவர் பக்கம் விதி இருக்கிறது. ரிசர்வ் பேங்க் 2017-லேயே கொண்டுவந்த விதிப்படி, வாடிக்கையாளரின் அஜாக்கிரதையால் ரகசிய எண் வெளியே போயிருந்தால், பேங்க்குக்குத் தகவல் சொல்லும் வரை ஏற்படும் நஷ்டம் வாடிக்கையாளருடையது. மகனுக்குப் பின் நம்பர் தெரிந்திருந்தது அந்தக் கணக்கில்தான் வரும்.

இனி, ஒரு விதிவிலக்கு. இதைக் கவனமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் நான் மேலே சொன்னது எல்லாமே இதைப் பொறுத்தது. ஸ்டேட்மென்டை எடுத்து, பணம் யார் பெயருக்குப் போயிருக்கிறது என்று ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். கூகுள் பிளே என்று இருந்தால் மேலே சொன்ன வழி. ஒரு தனி ஆளின் பெயரோ, மொபைல் நம்பரோடு ஒட்டிய யுபிஐ முகவரியோ இருந்தால், பையன் பிளே ஸ்டோரில் வாங்கவே இல்லை. டெலிகிராமிலோ இன்ஸ்டாகிராமிலோ 'பாதி விலை யூசி' விற்பவனிடம் வாங்கியிருக்கிறான். பதினொன்றில் மூன்று இப்படி, எட்டு அப்படி என்றுகூட இருக்கலாம், அதனால்தான் வரி வரியாகப் படிக்கச் சொல்கிறேன். இந்த வகைப் பணத்துக்கும் கூகுளுக்கும் சம்பந்தமே இல்லை. பணம் வாங்கிக்கொண்டு யூசி தராமல் போயிருந்தால் அது மோசடி. உடனே சைபர் மோசடி உதவி எண் 1930-க்குப் போன் செய்து, தேசிய சைபர் குற்றத் தளத்திலும் பதிவு செய்யுங்கள். சீக்கிரம் சொன்னால் வாங்கியவனின் கணக்கில் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு. அவன் எடுத்துச் செலவழித்த பிறகு சொன்னால் நம்பர் போட்ட ரசீது மட்டும்தான் மிஞ்சும். யூசி வந்திருந்தால்? அப்போது சிக்கல் வேறு. பாதி விலையில் எப்படி வந்தது? பலநேரம் திருட்டு கார்டில் வாங்கியதாக இருக்கும், அல்லது வாங்கிக் கொடுத்துவிட்டு விற்றவனே ரீஃபண்ட் கேட்டிருப்பான். சில வாரம் கழித்து அந்த யூசி பையனின் கணக்கிலிருந்து பிடுங்கப்படும். அவன் அதற்குள் கேமில் பரிசுப் பெட்டி திறந்து செலவழித்திருந்தால் இருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகும், கணக்கே பூட்டப்படலாம். இன்னொன்றும் பையனிடம் கேளுங்கள்: விற்றவன் என்ன விவரம் கேட்டான்? முறையான ரீடீம் கோட் (யூசிக்கான குறியீட்டு எண்) போட்டு யூசி ஏற்ற, விளையாட்டில் உள்ள கேரக்டர் ஐடி எண் மட்டும் போதும். ஃபேஸ்புக் அல்லது ஜிமெயில் லாகின் கேட்டிருந்தால் அது கணக்கையே திருட. அந்தப் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

கூகுள் ரீஃபண்ட் கொடுத்தாலும் யூசி திரும்ப எடுக்கப்படும், இருப்பு கீழே போகும். பையனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் இருப்பைச் சரிக்கட்ட அதே டெலிகிராம் ஆளிடம் போவான்.

கூகுள் மறுத்த ஆர்டர்களுக்குக் கேமுக்குள்ளேயே இருக்கும் கஸ்டமர் சர்வீஸில் எழுதலாம். கேரக்டர் ஐடி, ஜிபிஏ எண்கள், தேதி, தொகை, மறுப்பு மெயிலின் ஸ்கிரீன்ஷாட் வேண்டும். "கூகுளைக் கேளுங்கள்" என்று அவர்கள் பதில் சொன்னாலும் ஆச்சரியப்படாதீர்கள். கூகுள் கேம் கம்பெனியைக் காட்டும், கேம் கம்பெனி கூகுளைக் காட்டும், பேங்க் இருவரையும் காட்டும். ஒரு சிறுவன் பத்து நொடியில் வாங்க முடிகிற ஒன்றைத் திருப்பிக் கேட்க ஒரு மனிதக் குரல் கிடைக்காத ஏற்பாடு இது. இரண்டு மறுப்பும் கையில் இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் வரை கட்டணம் இல்லைதான். ஆனால் 9,000 ரூபாய்க்காக வாய்தாவுக்கு அலைந்தால் பஸ் செலவும் கூலி இழப்பும் அதைத் தின்றுவிடும். "மைனர் செய்த ஒப்பந்தம் செல்லாது" என்று வக்கீல் யாராவது உசுப்பேற்றலாம். கணக்கு உங்கள் பெயரில் இருந்தால் ஒப்பந்தமும் உங்கள் பெயரில்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லும்.

அரசு தடையைப் பற்றி: 2025 ஆகஸ்டில் வந்த சட்டம் பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் விளையாட்டுகளைத் தடுக்கிறது, காசு வைத்து ஆடும் ரம்மி, போக்கர் மாதிரி. யூசி கொடுத்தால் துப்பாக்கிக்கு வண்ணமும் ஆளுக்குச் சட்டையும் கிடைக்கும், ரொக்கம் கிடைக்காது. பிஜிஎம்ஐ அந்தத் தடைக்குள் வராது. சிலர் சொல்லும் பழைய தடை 2020-ல், பிஜிஎம்ஐக்கு முன்னோடியான பப்ஜி மொபைலுக்குப் போட்டது. பிஜிஎம்ஐயும் 2022-ல் நிறுத்தப்பட்டு 2023-ல் திரும்பி வந்துவிட்டது. தடையைக் காரணம் காட்டிப் பணம் கேட்டுப் பயனில்லை.

இனி பூட்டு. முதல் வேலை யுபிஐ பின்னை மாற்றுவது. அடுத்து பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் 'பர்ச்சேஸ் வெரிஃபிகேஷன்' என்பதை ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். பழைய போனில் 'ஆத்தென்டிகேஷன்' என்று இருக்கும். அதைப் போட்டும் பணம் போகிறது என்று பலர் புலம்புவதற்குக் காரணம் கைரேகை. புது போன் வாங்கியதும் அதைத் தயார் செய்தது பெரும்பாலும் பையன்தான், அப்போதே தன் விரலையும் பதிந்திருப்பான். செட்டிங்ஸில் ஃபிங்கர்பிரின்ட் பட்டியலைத் திறந்து, உங்கள் விரலை சென்சாரில் வைத்துப் பாருங்கள். எந்தப் பதிவு உங்களுடையதோ அது மின்னும் போன்களும் உண்டு. சந்தேகம் வந்தால் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உங்கள் விரலை மட்டும் புதிதாகப் பதியுங்கள்.

பிளே ஸ்டோரில் 'பட்ஜெட்' என்று ஒன்று இருக்கிறது, அதை நம்பாதீர்கள்; அது எச்சரிக்கும், தடுக்காது. ஃபேமிலி லிங்க் என்ற, பிள்ளைகளின் கணக்கைப் பெற்றோர் கண்காணிக்கும் கூகுள் ஆப்பில் மகன் கணக்கைச் சேர்த்தால் ஒவ்வொரு வாங்கலுக்கும் உங்கள் அனுமதி கேட்கும், ஆனால் பிளே ஸ்டோர் வழியாக வாங்குவதற்கு மட்டும். கேமில் வயதை உண்மையாகப் போட்டிருந்தால் 18-க்குக் கீழ் உள்ளவருக்கு நாளுக்கு மூன்று மணி நேர வரம்பும் செலவு வரம்பும் உண்டு. உங்கள் மகன் 18 ஆகிவிட்டதாக அழுத்தியிருப்பான் என்றே நினைக்கிறேன்.

கோபத்தில் கேமை அழித்துவிட்டால் தீர்ந்தது என்று இருந்துவிடாதீர்கள். யூசியோடு 'பிரைம்' மாதச் சந்தாவும் எடுத்திருந்தால், கேமை அழித்தாலும் சந்தா நிற்காது, மாதாமாதம் பணம் பிடிக்கும். பிளே ஸ்டோரில் அதே 'பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்' பக்கத்தில் சப்ஸ்கிரிப்ஷன்ஸ் திறந்து பாருங்கள், உங்கள் ஜிமெயிலிலும் மகனுடைய ஜிமெயிலிலும். இருந்தால், அடுத்து எந்தத் தேதியில் எடுக்கப்போகிறது என்பது அந்த வரியிலேயே இருக்கும். அதற்கு முந்தைய நாளுக்குள் கேன்சல் செய்துவிடுங்கள்.