கிளியும் நாயும் ஒரே வழக்கல்ல

அன்புள்ள ஐயாவுக்கு,

எங்கள் வீட்டில் ஒரு நாயும் ஒரு கிளியும் இருக்கின்றன. கிளியைப் படலையடியில் விற்க வந்தவரிடம் குஞ்சாக வாங்கினோம். பல்கலைக்கழகத்தில் படிக்கும் மகள், மிருகங்களை வளர்ப்பதே அடிமைத்தனம், இரண்டையும் விட்டுவிடுங்கள் என்று சண்டை பிடிக்கிறாள். மாமியாரோ, "வேளைக்குச் சோறு, நோய்க்கு மருந்து, தெருவில் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல்" என்கிறார். நாய் பெட்டை. கருத்தடை செய்யலாம் என்றால் அது பாவம் என்று தடுப்பவரும் அவர்தான். மனிதனோடு சேர்ந்ததால் மிருகங்கள் நன்றாக வாழ்கின்றனவா, கெட்டுப்போயினவா?

ஒரு வாசகி, கொக்குவில்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மகளும் மாமியாரும் இரண்டு வழக்குகளை ஒன்றாகக் கட்டிவைத்து வாதாடுகிறார்கள். முதலில் பிரித்துக்கொள்வோம்.

கிளி வீட்டுப் பிராணியே அல்ல. நாயையும் மாட்டையும் போலத் தலைமுறை தலைமுறையாக மனிதனோடு இருந்து உடலும் குணமும் மாறிய இனம் அல்ல அது. உங்கள் கிளியின் தாயும் தகப்பனும் ஏதோ ஒரு மொட்டைப்பனைப் பொந்தில் குடியிருந்திருக்கும். (செல்லடியில் தலை போன பனைகள் கிளிகளுக்கு வீடாகின. போரால் பயன் கண்டவை மிகச் சில.) கூட்டுக்கு அருகே போய் அதன் வாலைப் பாருங்கள். பறந்து திரியும் கிளியின் வால் உடலைவிட நீளமாக, நுனி கூராக இருக்கும். கூட்டுக்கிளியின் வால் கம்பியில் உராய்ந்து பழைய தும்புக்கட்டை போல ஆகிவிடும். பழமிளகாயும் கொய்யாவும் எவ்வளவு கொடுத்தாலும் அதற்கு ஈடாகாது. இதில் நான் மகளின் பக்கம்.

ஆனால் நாளைக்கே கூட்டைத் திறந்துவிட வேண்டாம். குஞ்சிலிருந்து உள்ளே வளர்ந்த பறவைக்குச் சிறகில் வலுவில்லை, இரை தேடத் தெரியாது, பூனைக்குப் பயப்படவும் தெரியாது.

நாயின் கதை வேறு. ஜெர்மனியின் பான் நகரில், ஏறத்தாழ 14,000 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றில், ஓர் ஆணுடனும் பெண்ணுடனும் ஒரு நாய்க்குட்டியும் புதைக்கப்பட்டிருந்தது. அதன் பற்களில் கடும் நோயின் தடயம். எந்த வேலைக்கும் உதவாத அந்தக் குட்டியை யாரோ வாரக்கணக்கில் பராமரித்திருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். உங்கள் மாமியாரின் கட்சிக்கு நல்ல சாட்சி.

ஆனால் அந்தக் கட்சிக்காரர்கள் எண்ணிக்கையைக் காட்டத் தொடங்கினால் நான் எழுந்து போய்விடுவேன். ஓநாய்கள் சில லட்சம்தான், நாய்கள் பல கோடி. ஆகவே மனிதனோடு சேர்ந்தது நாய்க்கு லாபம் என்பார்கள். அப்படியானால் உலகிலேயே பெரிய பாக்கியசாலி கோழி. எந்த நேரத்திலும் 2,000 கோடிக்கு மேல் உயிரோடு இருக்கின்றன. அதன் காட்டு மூதாதை வருடத்துக்குப் பத்துப் பதினைந்து முட்டை இடும். பண்ணைக்கோழி 300 இடுகிறது. ஓட்டுக்குத் தேவையான கல்சியத்தை எலும்பிலிருந்து எடுத்துக் கொடுத்து, எலும்பு முறிந்து நிற்கிறது. முட்டைக்கென வளர்க்கும் இனத்தில் சேவல் குஞ்சுகளைப் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். இனம் பெருகியதில் அந்தக் குஞ்சுக்கு என்ன வந்தது?

அதற்காக அவிழ்த்துவிட்டால் கணக்குத் தீருமா? நெடுந்தீவுக் குதிரைகளைப் பாருங்கள். போர்த்துக்கேயர் கொண்டுவந்து ஒல்லாந்தர் பெருக்கியவற்றின் வழிவந்தவை. சேணம் இல்லை, எசமான் இல்லை. உங்கள் மகள் கேட்கும் சுதந்திரம் முழுவதும் இருக்கிறது. மழை பொய்த்த வருடங்களில் தண்ணீரில்லாமல் செத்து விழுகின்றன. நாலு பக்கமும் கடல். கொண்டுவந்து விட்டவன் எப்போதோ கப்பலேறிவிட்டான். 1995 ஒக்டோபர் 30 அன்று, போர் நெருங்கியபோது, மாட்டின் கயிற்றை அறுத்துவிட்டு யாழ்ப்பாணத்து வலிகாமத்திலிருந்து வெளியேறியவர்களுக்கு இதை நான் விளக்கத் தேவையில்லை.

இனி உங்கள் நாய். பகல் முழுக்கச் சங்கிலியில் கட்டி இரவில் அவிழ்ப்பது எங்கள் ஊர் வழக்கம். மாமரத்தடியில், சங்கிலி எட்டும் தூரத்துக்கு வட்டமாகப் புல் செத்துக் கிடக்கும். அந்த வட்டத்துக்குள் பத்து வருடம் கிடக்கும் நாயைவிட, மூன்று வருடத்தில் செத்துப்போகும் ஒழுங்கை நாய் நன்றாக வாழ்கிறது என்றே நினைக்கிறேன். உங்கள் வீட்டிலும் சங்கிலி இருந்தால் கழற்றுங்கள். படலையைச் சாத்தி வளவுக்குள் விட்டால் போதும்.

கருத்தடை பாவமா? பெட்டை வருடத்துக்கு இரண்டு முறை குட்டி போடக்கூடும். கடுவன் குட்டிகளுக்கு ஆள் வரும். பெட்டைக் குட்டிகள் உரப்பையில் சந்தையடிக்கோ கோயில் வீதிக்கோ போகும். தெருநாய்களைக் கொல்வதில்லை என்பது 2006 முதல் அரசின் கொள்கை. நல்ல கொள்கைதான், ஆனால் பிறப்பைத் தடுக்காவிட்டால் அந்தக் குட்டிகளைப் பசியும் பஸ் சில்லும் கொல்கின்றன. கருத்தடையும் மிருகத்தின் உடல்மேல் நாம் செலுத்தும் அதிகாரம்தான், மறுக்கவில்லை. அதே அதிகாரத்தை ஆயிரமாயிரம் வருடங்களாகச் செலுத்திவிட்டு, பொறுப்பு வரும் இடத்தில் மட்டும் பாவ புண்ணியம் பேசுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. (வெளிநாட்டுக் காசில் பக் நாய் வாங்குகிறவர்களுக்குத் தனிக் கடிதம் எழுத வேண்டும். நாய் நாக்கை நீட்டி இளைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். மூக்கையே நசுக்கி வளர்த்த இனத்துக்கு எங்கள் சித்திரை வெயில்!)

கிளிக்குப் பெரிய கூடு செய்யுங்கள். முடிந்தால் விறாந்தையின் ஒரு பக்கத்துக்கு வலையடித்துப் பறக்க இடம் கொடுங்கள். குஞ்சு விற்பவர் அடுத்த முறை வரும்போது மகளையே படலையடிக்கு அனுப்புங்கள். அவள் சண்டை பிடிக்க வேண்டிய ஆள் அவர்தான், மாமியார் அல்ல.