காலேஜ்ல வாத்தியாரா சேருறது ஈஸி, அங்க நிக்க முடியுமான்னு பாருங்க

அக்கா, உங்க மெசேஜ் பாத்தேன். சைட்ல எலக்ட்ரீஷியனா நல்லா சம்பாதிச்சுக்கிட்டு இருந்த பையன் திடீர்னு எஃப்.இ. காலேஜ்ல, அதான் இங்கிலாந்துல 16 வயசுக்கு மேல தொழில் சொல்லிக்குடுக்குற காலேஜ்ல, வாத்தியாரா போறேன்னா பயமாத்தான் இருக்கும்.

வேல கெடைக்குமான்னு கவலையே வேணாம். இங்கிலாந்துல எலக்ட்ரிக்கல், கட்டட வேலைக்கெல்லாம் ஆள் கெடைக்காம காலேஜுங்க தவிக்குது, சைட்லயே அதிகமா வர்றப்ப எவன் கிளாஸ்ரூமுக்கு வருவான்? டீச்சிங் குவாலிஃபிகேஷன் கட்டாயம்னு இருந்த சட்டத்தையும் 2013லயே எடுத்துட்டாங்க, வேலைல இருந்துக்கிட்டே படிச்சுக்கலாம்.

ஆனா ஐ.எஃப்.எஸ்.ங்குற பொருளாதார ஆய்வு நிறுவனத்தோட ஆய்வு ஒண்ணு 2023ல வந்துச்சு, காலேஜ் வாத்தியாருங்கள்ல நாலுல ஒருத்தர் முத வருசத்தோடயே போயிடுறாங்களாம், மூணு வருசத்துல கிட்டத்தட்ட பாதிப்பேர் காலி. ஏன்னா தொழில் தெரியுறது வேற, சொல்லிக்குடுக்குறது வேற. லைன்ல கரண்ட் இருக்கான்னு செக் பண்றதுக்கு முன்னாடி டெஸ்டர் வேல செய்யுதான்னு பாக்கணும், செக் பண்ணிட்டு மறுபடியும் டெஸ்டரயே பாக்கணும், உங்க பையனுக்கு இது கை தானா பண்ணும். 16 வயசுப் பையன் "அதான் பாத்தாச்சே, மறுபடி எதுக்கு சார்"னு கேப்பான், நடுவுல டெஸ்டரே செத்திருந்தா லைவ் லைன்ல கைய வச்சிருப்பேன்னு அவனுக்கு உறைக்கிற வரைக்கும் பொறுமையா நிக்கணும். அதுக்கு மேல மார்க்கிங், கிளாஸ்ல வந்து உக்காந்து கவனிக்குற அப்சர்வேஷன், வீட்டுக்கு வந்தும் முடியாத பேப்பர் வேல.

அதனால இன்டர்வியூல அவன் சம்பளத்த மட்டும் கேக்காம, முத வருசம் கிளாஸ் நேரத்தக் கொறைப்பீங்களா, கூட நின்னு சொல்லித்தர அதே ட்ரேட் ஆள் இருக்காரா, இதுக்கு முன்னாடி இருந்தவர் ஏன் போனார், இதெல்லாம் கேக்கணும். கடைசிக் கேள்விக்கு மழுப்புனா எனக்கு அந்த எடமே வேணாம்னு தோணும்.

சம்பளம் காலேஜுக்கு காலேஜ் மாறும், காலேஜுங்களோட சங்கம் இவ்ளோ குடுக்கலாம்னு சிபாரிசுதான் பண்ணும், கட்டாயமில்ல. ரெண்டு மூணு எடம் விசாரிக்கட்டும். கட்டட வேல, இன்ஜினியரிங் மாதிரி பாடத்துக்கு முத அஞ்சு வருசம் வருசத்துக்கு 6,000 பவுண்டு வரைக்கும் அரசாங்கம் தனியா குடுக்குது, எந்த காலேஜ், எந்த கோர்ஸுன்னு தகுதி பாக்கணும். டீச்சர்ஸ் பென்ஷன் காலேஜ்ல உண்டு, பிரைவேட் ட்ரெய்னிங் சென்டர்ல பெரும்பாலும் இருக்காது. மணிக்கணக்கு கான்ட்ராக்ட்னா லீவுல சம்பளம் எப்டின்னு எழுத்துல வாங்கிக்கணும்.

என்னக் கேட்டா சைட் வேலைய ஒரேடியா விடாம மொதல்ல சாயங்கால கிளாஸ் ஒண்ணு ரெண்டு எடுத்துப் பாக்கட்டும். ஆஃபர் லெட்டர் வந்தா கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பச் சொல்லுங்கக்கா.