கொண்டலாத்தி ஏன் நகரவில்லை?

கேள்வி: என் வயது 41. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன், சிறுகதைகள் எழுதுகிறேன். பழைய ஐரோப்பிய ஓவியங்களும் இடைக்கால விலங்கு நூல்களும்தான் எனக்குத் தூண்டுதல். ஜெர்மன் ஓவியர் டியூரர் வரைந்த காண்டாமிருகம்தான் என் போனின் முகப்புப் படம். கொண்டலாத்திப் பறவையை வைத்து மூன்று மாதமாக ஒரு கதை எழுதுகிறேன், முதல் பக்கத்தைத் தாண்டவில்லை. வீட்டுச் சூழலும் சரியில்லை. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்திருக்கிறது. சொட்டு மருந்து விடுவதற்காக மதியம் மனைவி ஆபீஸிலிருந்து வந்து போகிற சத்தத்தில் கவனம் கலைந்துவிடுகிறது. இன்னும் எந்த ஓவியங்களைப் பார்க்கலாம்? பழைய விலங்கு நூல் ஒன்றின் நகல் பதிப்பை வாங்கினால் உதவுமா? – பெயர் வேண்டாம், கோவை.

பதில்: எழுத்து நின்றுபோனவர்களின் கடிதம் எனக்கு வாராவாரம் வருகிறது. கவலைப்படாதீர்கள், தானாக வரும் என்று எழுதிப் போடுவது சுலபம். உங்களுக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. காரணம், போகிற போக்கில் நீங்கள் சொன்ன அந்த ஒரு வரி.

நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள். உங்களைப் பெற்றவள் அதே வீட்டில் இருக்கிறாள். மருந்து விட வேண்டியவளோ ஆபீஸில் பர்மிஷன் கேட்டு, மதிய வெயிலில் வண்டியோட்டி வந்து, மாமியார் கண்ணில் சொட்டு விட்டுவிட்டு, சாப்பிட்டும் சாப்பிடாமலும் திரும்ப ஓடுகிறாள். இத்தனையும் நடக்கும்போது உங்கள் காதில் விழுவது சத்தம் மட்டும்தான். அதையும் புகாராக எழுதி அனுப்புகிறீர்கள்!

சரி, உங்கள் கொண்டலாத்திக்கு வருவோம். மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். கிறிஸ்தவத்தின் ஆரம்ப நூற்றாண்டுகளில் கிரேக்க மொழியில் ‘பிசியோலோகஸ்’ என்றொரு நூல் உண்டானது. அது லத்தீனுக்குப் போய்ப் பெருகி, 12, 13ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்தில் பொன் பூசிய படங்களுடன் விலங்கு நூல்களாக வந்தது. கரடிக்குட்டி உருவமில்லாத சதைப்பிண்டமாகப் பிறக்கும், தாய் நக்கி நக்கி உருவம் கொடுக்கும் என்பது அதில் ஒரு கதை. குட்டியைத் திருடியவன் கண்ணாடிக் கோளத்தை வீசிவிட்டு ஓடுவான், தாய்ப்புலி அதில் தெரியும் தன் உருவத்தையே குட்டி என்று நினைத்து நின்றுவிடும் என்பது இன்னொன்று. கொண்டலாத்திக்குச் சொன்னது இது: பெற்றோருக்கு வயதாகிச் சிறகு உதிர்ந்து, கண் மங்கிப்போனால், குஞ்சுகள் பழைய இறகுகளைப் பிடுங்கிவிடும், கண்களை நக்கிவிடும், சிறகுக்குள் வைத்துச் சூடு கொடுக்கும். எங்களை வளர்க்க நீங்கள் பட்ட பாட்டை இப்போது நாங்கள் படுகிறோம் என்று சொல்லுமாம்.

கண் மங்கிய தாய், தம்பி. மூன்று மாதமாக நீங்கள் முட்டிக்கொண்டிருப்பது இந்தப் பக்கத்தில்தான். கதை எப்படி நகரும்?

இதை எழுதிவைத்தவர்கள் பறவையைப் பார்த்துச் சரிபார்த்தவர்கள் இல்லை. பறவை எப்படிப் போனால் அவர்களுக்கென்ன? கேட்கிற மனிதன் வீட்டுக்குப் போய் என்ன செய்கிறான் என்பதில்தான் அவர்களுக்கு அக்கறை. நீங்களோ அதை அலங்காரப் பொருளாக எடுத்து மேசையில் வைத்துக்கொண்டீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். கொண்டலாத்தி மலத்தில் உட்கார்ந்து அதையே தின்னும் அசுத்தப் பறவை என்று எழுதியதும் இதே நூல்கள்தான். பணிவிடையும் நாற்றமும் ஒரே பறவையிடம்! படுக்கையில் கிடந்த மாமனாருக்கும் அப்புறம் என் அம்மாவுக்கும் செய்தவள் நான். இரண்டும் ஏன் ஒன்றாக இருக்கின்றன என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு வேண்டிய கதையும் அதில்தான் இருக்கிறது. கதவைச் சாத்திக்கொண்டால் அது கண்ணில் படாது.

அடுத்து டியூரர். அந்தக் காண்டாமிருகம் குஜராத் சுல்தான் போர்ச்சுக்கீசியருக்குக் கொடுத்தது. கோவாவிலிருந்து கப்பலேறி 1515இல் லிஸ்பனில் இறங்கியது. ஜெர்மனியில் நியூரம்பெர்க்கில் இருந்த டியூரர் அதைக் கண்ணால் பார்க்கவே இல்லை. யாரோ அனுப்பிய வர்ணனையையும் கோட்டுப் படத்தையும் வைத்துக்கொண்டு, தோலைக் கவசத் தகடுகளாக்கி, தோள் மேல் இல்லாத ஒரு குட்டிக் கொம்பையும் முளைக்க வைத்தார். அதுதான் நிஜக் காண்டாமிருகம் என்று ஐரோப்பா இருநூறு ஆண்டுகளுக்கு மேல் நம்பியது. பார்க்காததை வரைந்த சாமர்த்தியம் உங்களுக்குப் பிடித்திருக்கிறது. பிடிக்கட்டும்.

ஆனால் அதற்கு முந்தைய வருடம், 1514இல், அவர் தன் தாய் பார்பராவைக் கரியால் வரைந்திருக்கிறார். பெர்லினில் இருக்கிறது. அவளுக்கு 63 வயது, 18 பிள்ளை பெற்றவள். கழுத்தில் எலும்பும் நரம்பும் துருத்தி நிற்கின்றன. நெற்றி முழுக்கச் சுருக்கம். ஒரு கண் எங்கோ விலகிப் பார்க்கிறது. அவர் எதையும் அழகுபடுத்தவில்லை. அப்பா இறந்து இரண்டு வருடத்தில் கையில் காசில்லாத அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்து வந்து வைத்துக்கொண்டவர் அவர். 1513இல் ஒரு காலை அம்மாவால் எழுந்து கதவைத் திறக்க முடியவில்லை. கதவை உடைத்து உள்ளே போய், அவளைத் தூக்கிக் கீழ் அறைக்குக் கொண்டு வந்ததை அவரே குறித்து வைத்திருக்கிறார். அப்புறம் ஒரு வருடம் நோயில் கிடந்தாள். படம் வரைந்து இரண்டு மாதத்தில் போய்விட்டாள். அந்தத் தாளிலேயே அவள் இறந்த நாளை மையால் எழுதிச் சேர்த்தார். இன்னும் எந்த ஓவியம் என்று கேட்டீர்களே, இதைப் பாருங்கள்.

அம்மாவுக்குச் செய்வது பெற்ற பிள்ளையின் வேலை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மருமகள் செய்கிறாள் என்றால் அது அவளுடைய பெருந்தன்மை. அவள் கழுத்தில் தாலி கட்டியதால் உங்கள் கடன் அவள் தலைக்கு மாறிவிடாது. ஆம்பிளைக்கு இதெல்லாம் பழக்கமில்லை என்று பதில் போடாதீர்கள். பழகிக்கொள்ள ஒரு நாள் போதும்.

நாளை மதியச் சொட்டு உங்களுடையது. கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். அம்மாவைத் தலையணையில் சாய்த்து அண்ணாந்து பார்க்கச் சொல்லுங்கள். கீழ் இமையை விரலால் மெல்ல இழுத்தால் சின்னப் பை மாதிரித் திறக்கும், அதில் ஒரு சொட்டு. பாட்டில் நுனி கண்ணில் படவே கூடாது. இன்னொரு மருந்தும் இருந்தால் ஐந்து நிமிடம் பொறுத்து விடுங்கள். அந்த ஐந்து நிமிடமும் அம்மா கண்ணை மூடிக்கொண்டிருப்பாள். போனை எடுக்காமல் அவள் பக்கத்தில் உட்காருங்கள். நோட்டும் பேனாவும் வேண்டாம். கதைக்காகப் போனால் அம்மாவுக்குத் தெரிந்துவிடும். கதை வருமா என்று நான் உத்தரவாதம் தர மாட்டேன்.

மனைவியிடம் இன்று ராத்திரியே சொல்லிவிடுங்கள், நாளையிலிருந்து மதியம் வர வேண்டாம் என்று. ஆபீஸிலேயே உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடட்டும்.

நகல் பதிப்பு வாங்க வேண்டாம். 1200 வாக்கில் எழுதிய ஆபர்டீன் விலங்கு நூலை அந்தப் பல்கலைக்கழகமே முழுசாக இணையத்தில் போட்டிருக்கிறது, காசு கேட்பதில்லை. அம்மாவுக்கு இடது கண் பாக்கியிருக்கிறது இல்லையா? பணத்தை அதற்கு எடுத்து வையுங்கள்.