பஜிரோ ஜீப்பின் பின்பக்கத்தில் செய்த லாச்சி மணற்காட்டுப் பக்கம் போய்வந்தால் இறுகுவது ஏன்?

பெரும்பாலும் லாச்சி பொருத்திய பெட்டி முறுகுவதால்தான். பள்ளத்தில் ஒரு சில்லு இறங்கும்போது சட்டத்தின் மூலைமட்டம் குலையும். லாச்சியைத் தாங்கி ஓடவிடும் சாதாரண பெயாரிங் சனலுக்கு ஒவ்வொரு புறமும் 12.7 மி.மீ. இடைவெளி வேண்டும், 2 மி.மீ. குறைந்தாலே சிக்கும். பெட்டியின் பின்பக்கத்தை 12 மி.மீ. பிளைவுட்டால் முழுதாக அடைத்து, பசை பூசித் திருகுங்கள். வெறும் குறுக்குச்சட்டம் போதாது.

சனலில் கிறீஸ் பூசவே வேண்டாம். மணல் அதில் ஒட்டி, அரைத்தாள்போலக் குண்டுகளைத் தேய்க்கும். தூரிகையால் தட்டிவிட்டு சிலிக்கன் ஸ்பிரே அடித்தால் போதும்.

பலகையின் வெட்டுவிளிம்புகளுக்கு இரண்டுதரம் வார்னிஷ் பூசுங்கள். மாரியில் அங்கேதான் ஊதும். கடற்காற்றுக்கு ஸ்டெயின்லெஸ் திருகாணியே நல்லது.

தரையைத் துளைக்காதீர்கள், கீழே பிரேக் குழாய் ஓடலாம். மூன்றாம் வரிசை இருக்கையின் போல்ட் துளைகளிலேயே பெட்டியைப் பூட்டுங்கள்.