வாடகை 16,000, தவணை 21,700: வாங்கலாமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். பள்ளி ஆசிரியர், வயது 42. கையில் 20 லட்சம் இருக்கிறது. 25 லட்சம் கடன் வாங்கி, தென்பெண்ணை ஓரத்துப் புது நகர் ஒன்றில் கீழும் மேலுமாக இரண்டு போர்ஷன் உள்ள வீட்டை 45 லட்சத்துக்கு முடிக்க நினைக்கிறேன். போர்ஷனுக்கு 8,000 வாடகை வரும் என்கிறார் புரோக்கர். இதுவரை யாருக்கும் வீடு விட்டுப் பழக்கமில்லை. எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில்: பத்திரச் செலவு உங்கள் கணக்கில் இல்லவே இல்லை. முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 9 சதவீதம். 45 லட்சத்துக்கு 4,05,000 ரூபாய். புரோக்கர் கமிஷன், வக்கீல் செலவு தனி. ஆக வீடு உங்களுக்கு 49 லட்சத்துக்கு மேல் அடங்கும்.

வருஷத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று வையுங்கள். 1,76,000 வரும். வீட்டு வரி, மோட்டார் ரிப்பேர், ஆள் மாறும்போது வெள்ளையடிப்பு போக, போட்ட பணத்தில் நூற்றுக்கு மூன்று ரூபாய் சொச்சம்தான் மிஞ்சும். வங்கி டெபாசிட்டே அதைவிடத் தரும். கடனுக்கு எட்டரை சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் தவணை சுமார் 21,700. இரண்டு போர்ஷனும் நிரம்பியிருந்தாலும் மாதம் 5,700 உங்கள் சம்பளத்திலிருந்துதான் போகும்.

வருமான வரியில் வாடகையிலிருந்து வீட்டு வரியைக் கழித்து, மீதியில் 30 சதவீதமும், கடன் வட்டியும் கழிக்கலாம். உங்களுக்கு ஆரம்ப வருஷங்களில் கணக்கு நட்டத்தில்தான் நிற்கும். ஆனால் புதிய வரித் திட்டத்தில் இருந்தால் அந்த நட்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. இந்த விலைக்கு நான் வாங்கமாட்டேன். மனை விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குவதானால் அது வேறு பேச்சு. அதை வாடகை வருமானம் என்று சொல்லிக்கொள்ளாதீர்கள்.

அப்படியும் வாங்கினால், முத்திரைத் தாளில் பதினோரு மாதத்துக்கு எழுதி பீரோவில் வைக்கும் பழக்கம் வேண்டாம். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. காலி செய்தால் ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும். வாடகை பாக்கி என்று தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தினால் தப்பு உங்கள் மேல் வரும். போர்ஷனுக்குத் தனி மீட்டர் இல்லையென்றால் முதலில் அதை வாங்குங்கள். குடித்தனக்காரரோடு வரும் சண்டையில் பாதி கரண்ட் பில்லால் வருவதுதான். (நாளை புதுச்சேரியின் பாகூர் பக்கம் வாங்கினால் இது பொருந்தாது. இந்தச் சட்டம் எல்லையில் இருக்கும் முள்ளோடை வரைதான். புதுச்சேரிக்குத் தனிச் சட்டம்.)

வில்லங்கம், பட்டா, தாய்ப் பத்திரம் எல்லாம் வக்கீல் பார்ப்பார். தண்ணீரை அவர் பார்க்கமாட்டார். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட வெள்ளம் தென்பெண்ணை ஓரத்து நகர்களுக்குள் புகுந்தது நினைவிருக்கும். அதன் பிறகு நான் பார்த்த ஒரு வீட்டில் பெயின்ட் புத்தம் புதிது. ஆனால் கீழ்த்தளத்தில் பிளக் பாயின்ட் எல்லாம் நெஞ்சு உயரத்தில். ஏன் என்று கேட்டால், அழகுக்காக என்றார்கள். பின்பக்கம் போனால் பெயின்ட் படாத காம்பவுண்டுச் சுவரில் முழங்காலுக்கு மேலே செம்மண் கோடு. கீழ்ப் போர்ஷனில் ஒருமுறை தண்ணீர் புகுந்தால் அந்தப் பேர் தெருவுக்கே தெரிந்துவிடும். அப்புறம் 8,000 கேட்டால் 5,500-க்குத்தான் ஆள் வரும்.

அங்கே இப்போது யாராவது குடியிருந்தால், புரோக்கர் இல்லாத நேரமாகப் பார்த்துப் போங்கள். வாடகை எவ்வளவு கொடுக்கிறீர்கள், அந்த டிசம்பரில் எங்கே போய்த் தங்கினீர்கள் என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.