கூபர்டினோ ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

கலிபோர்னியாவின் கூபர்டினோ பக்கம் வீடு தேடுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கே: கூபர்டினோ ஊருக்குள் வீடு பிடித்தால்தான் அந்த ஸ்கூல்களில் இடமா அக்கா?

இல்லைங்க. ஊர் எல்லை வேறு, ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் (அரசுப் பள்ளிகளை நடத்தும் தனி நிர்வாகப் பகுதி) எல்லை வேறு. கூபர்டினோ யூனியன் டிஸ்ட்ரிக்ட் சான் ஹோசே, சன்னிவேல், சரடோகா ஊர்களுக்குள்ளும் நுழைகிறது. 2020 சென்சஸில் கூபர்டினோ ஊரில் 60,381 பேர். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஆசிய வம்சாவளியினர். ஆனால் அது ஊரின் கணக்குதான், டிஸ்ட்ரிக்ட்டின் கணக்கு அல்ல. இன்னொன்று, இந்த டிஸ்ட்ரிக்ட் எட்டாம் வகுப்போடு முடிகிறது. ஒன்பதிலிருந்து ஃப்ரீமான்ட் யூனியன் என்று தனி டிஸ்ட்ரிக்ட். ஃப்ரீமான்ட் நகரத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. யாராவது ஒருவர் குழம்பிக்கொண்டேதான் இருக்கிறார்.

கே: ஆப்பிள் தலைமையகமே அங்கேதான். ஸ்கூலுக்குப் பணம் கொட்டுமே?

எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் உள்ளூரில் ஸ்கூலுக்கு வரும் பணம் முக்கியமாகச் சொத்து வரிதான், அது ஏற ஒரு வரம்பு இருக்கிறது. 1978இல் மக்கள் ஓட்டுப்போட்டுக் கொண்டுவந்த 13ஆம் முன்மொழிவு (Proposition 13) என்ற சட்டத்தின்படி, வீட்டு வரிக்கான மதிப்பு வாங்கிய விலையில் தொடங்கும். அதன்பின் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறாது. அடிப்படை வரி 1 சதவீதம். 1980இல் ஒன்றரை லட்சம் டாலருக்கு வாங்கியவர் இன்று சுமார் 3,600 டாலர் கட்டுவார். பக்கத்து வீட்டை முப்பது லட்சத்துக்கு வாங்கும் நீங்கள் 30,000 கட்டுவீர்கள். வீடு இரண்டும் ஒரே சைஸாகக்கூட இருக்கலாம்!

மாநில நிதியும் இங்கே குறைவாகத்தான் வரும். 2013இல் வந்த முறைப்படி, ஏழைக் குடும்பம், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளை, வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளை என்றால் தலைக்கு 20 சதவீதம் கூடுதல். அப்படிப்பட்ட பிள்ளைகள் குறைவாக இருக்கும் டிஸ்ட்ரிக்ட்டுக்கு அந்தக் கூடுதல் பெரிதாகக் கிடைக்காது. நியாயமான முறைதான் என்பேன். ஆனால் ஊர் பணக்கார ஊர் என்பதால் வகுப்பறைக்கும் பணம் வரும் என்று கணக்குப் போட்டால் ஏமாந்துபோவீர்கள். அதனால்தான் தனியாக பார்சல் வரி (ஒவ்வொரு மனைக்கும் போடும் கூடுதல் வரி) கேட்டு ஓட்டெடுப்பு நடக்கிறது. ஜெயிக்க மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும்.

கே: இவ்வளவு பேர் போன இடத்தில் ஸ்கூலை ஏன் மூடினார்கள்?

பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள். பத்து, பன்னிரண்டு வருஷம் முன்பு சுமார் 19,000 பேர் படித்தார்கள். பிறகு 14,000க்கும் கீழே போய்விட்டது. மேயர்ஹோல்ஸ், ரெக்நார்ட் தொடக்கப் பள்ளிகள் 2022இல் மூடப்பட்டன. மேலே சொன்ன வரிக்கணக்கையே திரும்பப் பாருங்கள். பிள்ளைகள் வளர்ந்து போன பிறகும் பெரியவர்கள் வீட்டை விற்பதில்லை. விற்று வேறு வீடு வாங்கினால் பொதுவாக அந்தக் குறைந்த வரி போய்விடும் (55 வயது ஆனவர்கள் மட்டும் அதைக் கலிபோர்னியாவுக்குள் புது வீட்டுக்கு மாற்றிக்கொள்ள வழி உண்டு). சின்னக் குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு விலை எட்டாது. புது வீடுகளும் அதிகம் கட்டப்படுவதில்லை.

கே: அங்கே எல்லாருமே வசதியானவர்களா? ஒரு சம்பளத்தில் வாழும் நாங்கள் ஒட்டுவோமா?

இடைநிலைக் குடும்ப வருமானம் வருஷத்துக்கு இரண்டு லட்சம் டாலரைத் தாண்டுகிறது. பாதிக் குடும்பங்கள் அதற்குக் கீழேதான் என்பதையும் சேர்த்து வாசியுங்கள். அபார்ட்மெண்ட்டில் ஒரே ஹெச்-1பி (வேலை விசா) சம்பளத்தில் ஓட்டுகிறவர்கள் நிறைய. தயங்காமல் வாருங்கள்.

ஸ்கூல் தரும் வருமானப் படிவத்தை மட்டும் ஒதுக்கிவிடாதீர்கள். 2022 முதல் கலிபோர்னியா அரசுப் பள்ளிகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சாப்பாடு இலவசம் என்பதால் பலர் நிரப்புவதே இல்லை. அந்த 20 சதவீதத்துக்குத் தகுதியான பிள்ளைகளை எண்ணுவதற்கு அதுவும் வேண்டும்.

கே: வாடகைக்கு இருந்தால் இடம் கிடைக்குமா?

கிடைக்கும், சொந்த வீட்டுக்காரருக்கு உள்ள அதே உரிமைதான். கையெழுத்துப் போடுமுன் கதவு எண்ணோடு முழு முகவரியையும் டிஸ்ட்ரிக்ட் தளத்தில் போட்டுப் பாருங்கள். புரோக்கர் சொல்வதை நம்பி அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம்.